ரஞ்சன்குடிக் கோட்டையும் இருபது முகப் பகடையும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிகுளம் என்னும் எங்கள் ஊரைத் தேடி வெளியூர் ஜனங்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களை முன்னிட்டுத்தான்: குன்றின்மேல் வேலுக்குப் பதிலாகக் கரும்பைக் கையில் ஏந்தி நிற்கும் தண்டாயுதபாணி சுவாமியைத் தரிசிப்பதற்காக ஒரு சாரார் வருவார்கள், சின்ன வெங்காயம் கொள்முதல் செய்வதற்காக மற்றொரு சாரார் வருவார்கள். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன், சில ஆண்டுகளுக்குமுன் பங்குனி உத்திரத்துக்காக ஊருக்கு வந்தவன், திருவிழாச் சந்தடி ஓய்ந்த மறுநாள் மாலையில் ஒரு சிறிய துணிப்பையைத் திண்ணையில் கவிழ்த்து, அதிலிருந்த ஏழு பகடைகளைப் பரப்பி வைத்தபோது, அறுபதைத் தாண்டிய வயதில் புதியதொரு கலையில் எனக்கு அட்சராப்பியாசம் நடக்கப்போகிறது என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பகடைகளே பார்ப்பதற்கு விசித்திரமாயிருந்தன. தாயக்கட்டை என்றால் நான்கு பட்டை உள்ள நீண்ட பித்தளைத் துண்டு. ஒரு பட்டை வெறுமையாகவும் மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளோடும் இருக்கும். இரண்டு கட்டைகளைக் கையில் தேய்த்து உருட்டினால் தாயம் விழுமா, ஈராறு விழுமா என்று வயிற்றைக் கலக்கும். கீழடி அகழாய்வில் சுடுமண்ணாலும் தந்தத்தாலும் செய்த பகடைகள் கிடைத்திருப்பதால், இந்த வயிற்றுக் கலக்கம் தமிழ்நாட்டில் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் என் மருமகன் கொண்டுவந்தவற்றில் ஒன்று நான்கு முகக் கூம்பு. ஒன்று நாம் அறிந்த ஆறு முகம். மற்றவை எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை. கிரேக்கர்கள் பூரண வடிவங்கள் என்று கொண்டாடிய ஐந்து கனவடிவங்களும் இவைதாம்; பத்து முகமுள்ள இரண்டு பகடைகள் மட்டும் அந்த வம்சத்தில் சேராத பங்காளிகள்.

பகடைச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அக்காள் வந்தாள். "ஏண்டா, வெள்ளிக்கிழமை அதுவுமா திண்ணையில உக்காந்து சூதா ஆடப்போற?" என்றாள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடலாம். மற்ற நாட்களில் பகடை உருட்டுகிற வீடு விளங்காது என்பது அவள் கொள்கை. பாரதக்கூத்தில் சூது நடக்கும் இரவில் தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்றதைக் கண்ணீரோடு பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

"காசே கிடையாதும்மா. இதுல ஜெயிக்கிறவனும் இல்ல, தோக்குறவனும் இல்ல" என்றான் அவன்.

"அப்ப எதுக்குடா உருட்டுற?"

"கதைக்கு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். மூங்கிலும் கீற்றும் கொண்டு காற்றோட்டமாக அமைத்த பட்டறைக்குக் காவலாக, என் பிள்ளைப் பிராயத்தில், பாட்டனாரோடு இரவில் படுத்துக்கொள்வேன். அவர் கதை சொல்லுவார். நான் 'உம்' கொட்டவேண்டும். உம் என்ற சத்தம் நின்றால் கதையும் நின்றுவிடும்; பையன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். கதை கேட்பவனுக்கு நம் சம்பிரதாயம் கொடுத்த பாத்தியதை அந்த ஓரசை அளவுதான். ராஜகுமாரன் இடப்பக்கத்துப் பாதையில் போனால் ராட்சசன் கையில் சிக்குவான் என்று எனக்குத் தெரிந்திருந்தும், "வலப்பக்கம் போகச் சொல்லுங்கள், தாத்தா" என்று நான் கெஞ்சியும், அவன் ஒவ்வோர் இரவும் இடப்பக்கமே போனான். இந்த விளையாட்டில் கதை சொல்பவர் பாதை பிரியும் இடத்தில் நிறுத்தி, கேட்பவர் முகத்தைப் பார்த்து, "இப்போது நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்கிறார். வலப்பக்கம் என்று சொன்னால் கதை வலப்பக்கம் போகிறது. ஆங்கிலப் பெயர் எதுவாக இருந்தாலும், மேலைநாட்டார் ஐம்பது ஆண்டுகளாக மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆடிவரும் இந்தப் பாத்திர விளையாட்டின் ஜீவன் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கதைக்காரர்; உலகமும் ஊரும் வழிப்போக்கரும் பகைவரும் அவர் பொறுப்பு. மற்ற ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாத்திரத்தைத் தமக்கென்று சிருஷ்டித்துக்கொண்டு, அதன் வாயாகவும் கையாகவும் இருப்பார்கள். பாத்திரத்துக்கு உடல்வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள் உண்டு. பழைய முறைப்படி மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை ஏதாவது ஓர் எண் வரும். 10, 11 சுலபமாக வரும். 18 வருவது 216 தடவைக்கு ஒரு தடவை. ஆகவே சகல குணங்களும் நிறைந்த நாயகன் இங்கே பிறப்பது அரிது. பலமுள்ளவனுக்குப் புத்தி சற்று மட்டமாயிருக்கும், புத்திசாலிக்கு ஓடத் தெரியாது. கதையில் எவரேனும் நிச்சயமில்லாத ஒரு காரியத்தைச் செய்ய முற்பட்டால், இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு அந்தக் குணத்துக்குரிய சிறு தொகையைக் கூட்டவேண்டும். கதைக்காரர் மனத்தில் குறித்த எண்ணை எட்டினால் காரியம் பலிக்கும். உதாரணமாக, 15 வேண்டும், கையிருப்பு 2 என்றால், பகடை 13-ஆவது காட்டவேண்டும். அதற்கு நூற்றுக்கு நாற்பது பங்கு வாய்ப்பு. விதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விரிந்தாலும் அடிப்படை இவ்வளவே என்பதை என் மருமகன் கால்மணி நேரத்தில் விளக்கிவிட்டான்.

பிறகு அவன் தன் புத்தகத்திலிருந்த ஓர் அயல்நாட்டுக் கோட்டையை வருணிக்கத் தொடங்கினான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்காள், "அது எந்த ஊருடா?" என்றாள். அவன் சிறிது யோசித்தான்; புத்தகத்தை மூடினான். "ரஞ்சன்குடி" என்றான்.

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்காதவர் எங்கள் மாவட்டத்தில் இரார். கருநாடக நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. அகழியும், அடுக்கடுக்கான மதில்களும், கொத்தளங்களும், நிலத்தடி அறைகளும் உடையது. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்குத் துணைநின்று வாலிகண்டபுரத்தருகே மோதியபோது பீரங்கிச் சத்தம் கேட்டது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் மௌனமாயிருக்கிறது. அந்தக் கோட்டையின் நிலவறையில், எங்கள் ஏரிக்கரை உடையும் ஆபத்துக் காலத்தில் அடிப்பதற்கென்றிருந்த வெண்கல மணி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐப்பசி மழை நெருங்குகிறது. நீங்கள் மூன்று பேர் அதை மீட்கப் புறப்படுகிறீர்கள் என்று அவன் தொடங்கினான். மூன்று பேர் என்றால் நான், எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், "சும்மா பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே மருத்துவச்சி வேடத்தை ஏற்றுக்கொண்ட அக்காள்.

நான் வாள் வீரன். சரித்திர நாவல்களிலே தோய்ந்த மனத்துக்கு வேறு எது பிடிக்கும்? நிலவறை வாசலில் ஒரு பூதம் மறித்து நின்றது. "மாமா, இப்ப நீங்க என்ன செய்றீங்க?" என்றான் மருமகன். வாழ்நாளில் பல வகுப்புகளுக்குப் பாடம் சொன்னவன் நான். எத்தனையோ மேடைகளில் பேசியவன். ஆனாலும் அந்தக் கேள்வி என் நெஞ்சைப் படபடக்க வைத்தது. வாளை உருவுகிறேன் என்றேன். உருட்டினேன், ஒன்று விழுந்தது. வாள் கைநழுவி அகழியில் விழுந்துவிட்டது என்றான். பையன் சுவர்மேல் ஏறித் தப்ப வழி பார்த்தான். அப்போது அக்காள் கேட்டாள்: "அந்தப் பூதம் சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு கேளு."

அவன் வைத்திருந்த குறிப்பில் அப்படி ஒரு விஷயமே இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. "இருநூறு வருஷம் ஆச்சும்மா" என்றான்.

"பின்ன கோவம் வராம என்ன செய்யும்? கட்டுச்சோறு கொண்டாந்தோமில்ல, அதப் பிரி. மொதல்ல அது சாப்பிடட்டும்."

அவன் இருபது முகப் பகடையை அவள் கையில் கொடுத்தான். பதினைந்து வேண்டும் என்றான். அவளுடைய மருத்துவச்சிக்கு வசீகரத்தில் இரண்டு கூடுதல். உள்ளங்கையில் வைத்துத் தாயக்கட்டையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்து உருட்டினாள், பதினேழு விழுந்தது. பையன் போட்ட கூச்சலில் தெருநாய்கள் குரைத்தன. பூதம் சோறு தின்றது; தின்றபின் அழுதது; யாரால் அங்கே காவல் வைக்கப்பட்டது, யாருக்காக மணியைக் காக்கிறது என்ற வரலாற்றையெல்லாம் சொல்லிற்று. அந்த வரலாற்றை என் மருமகன் அந்த க்ஷணத்தில்தான் கட்டினான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆயுள் முழுவதும் பிறர் சொன்ன கதைகளுக்கு உம் கொட்டிய ஒரு ஸ்திரீ, ஒரு கதையைத் தன் வார்த்தையால் திருப்பியதை அன்று கண்டேன். மணி பன்னிரண்டு அடித்த பிறகுதான் எழுந்தோம்.

இந்த விளையாட்டு பிறந்த விதமும் அந்த இரவைப் போன்றதுதான். பிரஷ்ய ராணுவம் 1824 முதற்கொண்டே தன் அதிகாரிகளுக்கு நடுவர் ஒருவரை வைத்துப் படமும் பகடையும் கொண்டு யுத்தப் பயிற்சி கொடுத்துவந்தது. அந்த வழியில் பொழுதுபோக்காகப் போர் விளையாட்டு ஆடியவர்கள் அமெரிக்காவில் பலர். மினசோட்டா ராஜ்யத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969-இல், பிரவுன்ஷ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் நகரை அமைத்து, படைத்தலைவர்களோடு நகரத்தின் மேயர், வங்கிக்காரர் போன்ற பாத்திரங்களையும் நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்களோ யுத்தத்தை மறந்து, மூலைக்கு மூலை கூடி ரகசியம் பேசி, சூழ்ச்சி செய்யத் தலைப்பட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று வெஸ்லி வருந்தினார். நண்பர்கள் மறுபடியும் எப்போது என்று கேட்டார்கள். அந்த நண்பர்களில் ஒருவரான டேவ் ஆர்னிசன், பிளாக்மூர் என்ற ஒரு கோட்டையையும் அதன் அடியில் நிலவறைகளையும் கற்பித்து, வாரந்தோறும் தொடரும் கதையாக நடத்தினார். விஸ்கான்சினில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகேக்ஸ் 1972-இன் இறுதியில் அதைப் பார்த்து மயங்கி, விதிகளை எழுதத் தொடங்கினார். கைகேக்ஸ் அப்போது இன்ஷூரன்ஸ் வேலையை இழந்து, வீட்டு நிலவறையில் காலணி பழுதுபார்த்துக் குடும்பம் நடத்தியவர் என்பதை நான் அறிந்தபோது, அவர்மேல் எனக்கு மதிப்பு இரட்டித்தது. பல முகப் பகடைகளை அவர் கண்டெடுத்தது பள்ளிகளுக்குக் கணிதச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில். 1974 ஜனவரியில், மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது; ஆயிரம் பெட்டிகள்; விலை பத்து டாலர். இன்று உலகெங்கும் ஆடப்படும் பாத்திர விளையாட்டுகள் அனைத்துக்கும் அதுவே மூலம்.

பத்தாண்டுக்குள் அமெரிக்கப் பெற்றோரிடையே ஒரு பெரும் பீதியும் உண்டாயிற்று. பிள்ளைகள் இதனால் பிசாசு வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் போகிறார்கள் என்று 1983-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அந்தப் பழிக்கு ஆதாரம் காணவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சூது என்ற பயம் வருவதும் இயற்கையே. அதற்குச் சமாதானம் ஒன்றுதான்: ஓர் இரவு அவர்களையும் உட்கார வைத்து ஆடிப் பாருங்கள். பணயம் வைக்கும் பொருள் எதுவும் இங்கே இல்லை, எதிராளியும் இல்லை, வாசலில் நிற்கும் பூதத்தை நாலு பேரும் சேர்ந்துதான் சமாளிக்கவேண்டும்.

இக்கலை முற்றிலும் அந்நியம் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்கு அருகே, ஏழை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஆபிரகாம் ஜார்ஜ் 1997-இல் நிறுவிய சாந்தி பவன் என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. அதன் நிர்வாகப் பணியில் ஈடுபட்டவரும் அவருடைய மைந்தருமான அஜித் ஜார்ஜ், இந்த விளையாட்டின் எழுத்தாளர்களில் குறிப்பிடத்தக்கவர். 2021-இல் வெளிவந்த ஒரு தொகுதியில், காலகேரி என்னும் இந்தியச் சாயலுள்ள ராஜ்யத்தையும், ரம்யா வாசவதன் என்ற அதன் மகாராணியையும், அரியணைக்காக உடன்பிறந்தாருக்குள் மூண்ட பகையையும் அவர் சிருஷ்டித்தார். 2022-இல், வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களைக் கொண்டு எழுதிய பதின்மூன்று கதைகளின் தொகுதி ஒன்றை மற்றொருவரோடு சேர்ந்து முன்னின்று நடத்தினார். கல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் அதில் ஒரு கதை எழுதியிருக்கிறார். நம் நாட்டுப் பெயர்களும் நிறங்களும் இந்த உலகத்துக்குள் புகுந்துவிட்டன; தமிழ் மொழிதான் இன்னும் வாசலில் நிற்கிறது.

மொழியைப் பற்றி என் அனுபவத்தையே சொல்லுகிறேன். இரண்டாம் நாள் ஆட்டத்தில், பாத்திரத்துக்கு எஞ்சியிருக்கும் உயிர்ச்சக்தியைக் குறிக்கும் 'ஹிட் பாயிண்ட்' என்ற சொல்லை என் மருமகன் பலமுறை பிரயோகிக்க, அக்காள், "எனக்கு இன்னும் எவ்வளவு தெம்பு இருக்கு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் அது தெம்புதான். நான் 'ஜீவசக்தி' என்று ஒரு சொல்லை யோசித்து வைத்திருந்தேன். தெம்பின் முன்னால் அது நிற்கவில்லை. ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவதைப் பையன் 'தப்பு உருட்டு' என்றான். இருபது விழுந்தால் 'தாயம்' என்றே கத்துகிறான். லெவல் மட்டும் லெவலாகவே நின்றுவிட்டது. அது ஏற்கெனவே தமிழாகிவிட்ட சொல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் வரம்பு வைத்துக்கொண்டோம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சிறுவாச்சூரில், மதுரகாளியம்மன் ஓர் இரவு தங்க இடம் கேட்டு வந்து, செல்லியம்மனை மந்திரத்தால் அடக்கி வைத்திருந்த மந்திரவாதியை அழித்தாள் என்ற ஸ்தல வரலாறு இருக்கிறது. விளையாட்டுக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் வாய்க்காது. பையன் ஆசைப்பட்டான், அக்காள் மறுத்தாள். வழிபடும் தெய்வத்தின் வெற்றியைப் பகடையின் முகத்தில் வைக்கலாகாது என்பது அவள் தீர்ப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. கோட்டைகளும் ஏரிகளும் குகைகளும் நமக்குப் போதிய அளவு உண்டு. சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய மரம் கல்லாகிக் கிடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் மாளிகையின் அடித்தளம் மாளிகைமேட்டில் வெளிப்பட்டிருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மட்டுமே இத்தனை கதைக்களங்கள் இருக்கும்போது, பிள்ளைகள் தாம் பார்த்தறியாத பனிமலைகளில் அலைந்து திரிய வேண்டிய அவசியம் என்ன?

தொடங்க விரும்புவோருக்குச் செலவு அதிகமில்லை. நாலு பேர், நாலு காகிதம், ஒரு பென்சில், ஒரு செட் பகடை வேண்டும். இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால், ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். கதைக்காரராக அமர்பவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்க முயலக்கூடாது. எழுதாத இடத்தில்தான் உடனிருப்பவர்கள் கதைக்குள் நுழைவார்கள். விதிகளைப் பொறுத்தவரை, இந்த விளையாட்டை இப்போது வெளியிடும் நிறுவனம் உரிமைகளை இறுக்கப் பார்த்து, உலகெங்கும் ஆடுவோரின் எதிர்ப்புக்குப் பணிந்து, 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் விட்டுவிட்டது. சுமார் நானூறு பக்கங்கள். மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், எவரும் எந்த மொழியிலும் பெயர்த்து அச்சிடலாம், யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. நானும் என் மருமகனும் முதல் இருபது பக்கங்களை முடித்திருக்கிறோம். நல்ல தமிழ் தெரிந்த இளைஞர்கள் மிச்சத்துக்குக் கைகொடுக்க வேண்டும்.